தள்ளாடும் நிறுவனத்தை அரசு தாங்கிப் பிடிக்க வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் இருபது ஆண்டுகளாக வணிகவியல் கற்பிக்கிறேன். ஒரு பெரிய வங்கியோ விமான நிறுவனமோ சரியும்போதெல்லாம் வகுப்பறையிலும் தேநீர்க் கடையிலும் என்னிடம் வருகிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் ஒரு நூற்பாலைத் தொழிலாளியின் மகன். அப்பா வேலை பார்த்த ஆலை மூடப்பட்டபோது எனக்குப் பதினான்கு வயது. இந்த விஷயத்தை நான் பார்க்கும் இடம் அதுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அரசு ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றுவது என்றால் கஜானாவிலிருந்து பணம் எடுத்துக் கொடுப்பதுதானே?

அது ஒரு வழி மட்டுமே. அரசே பங்கு வாங்கி மூலதனம் போடலாம். வங்கியிடம் "இவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்" என்று ஜாமீன் நிற்கலாம். தனக்கு வரவேண்டிய பாக்கியைத் தள்ளிவைக்கலாம், அல்லது அந்தப் பாக்கியைப் பங்காக மாற்றிக்கொள்ளலாம். தன் கையிலிருக்கும் பொதுத்துறை வங்கியை அழைத்து முதலீடு செய்யச் சொல்லலாம். ஒரு ரூபாயும் போடாமல், பழைய நிர்வாகக் குழுவைக் கலைத்து நல்ல ஆட்களை உட்கார வைக்கவும் செய்யலாம்.

நாளிதழில் "மீட்புத் திட்டம்" என்ற தலைப்பைப் பார்த்தால் முதலில் இதில் எது என்று பாருங்கள். ஜாமீனுக்கும் பாக்கியைத் தள்ளிவைப்பதற்கும் அன்றைக்குச் செலவு தெரியாது. அதனால்தான் அரசுகளுக்கு அவை பிடிக்கும். பில் பிறகு வரும்.

லாபம் வந்தால் முதலாளிக்கு, நஷ்டம் வந்தால் மக்களுக்கா?

நியாயமான கோபம். "ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். ஆனால் இந்தக் கோபத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. நிறுவனம் வேறு, அதன் உரிமையாளர் வேறு. ஒரு வங்கி விழுந்தால் அதில் பணம் போட்ட ஓய்வூதியக்காரர் விழுகிறார், எழுத்தர் விழுகிறார், அந்த வங்கியின் வரைவோலையை நம்பிச் சரக்கு அனுப்பிய வியாபாரி விழுகிறார். இவர்கள் யாரும் அந்த வங்கியின் கடன் முடிவுகளை எடுக்கவில்லை. முடிவெடுத்தவர்களும், லாபத்தில் பங்கு வாங்கியவர்களும் வேறு ஆட்கள்.

என் நிலைப்பாடு இதுதான்: முதல் கூட்டத்தைத் தாங்கிப் பிடிக்க அரசு தயங்கவே கூடாது. இரண்டாவது கூட்டத்தின் பணம் முழுவதும் கரைந்த பிறகே பொதுப்பணம் உள்ளே போக வேண்டும்.

இந்த வரிசை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஏ.ஐ.ஜி. காப்பீட்டு நிறுவனம் சாட்சி. 2008 செப்டம்பர் 16 அன்று அதற்கு 8,500 கோடி டாலர் கடன் அறிவிக்கப்பட்டது. பதிலுக்கு 79.9 சதவீத உரிமையை அரசு எடுத்துக்கொண்டது. அதுவரை சரி. ஆனால் ஏ.ஐ.ஜி.யோடு ஒப்பந்தம் போட்டிருந்த பெரிய வங்கிகளுக்கு முழுத் தொகையும் ஒரு காசு குறையாமல் பட்டுவாடா ஆனது. கோல்ட்மேன் சாக்ஸுக்கு மட்டும் 1,290 கோடி டாலர் போனது. "பாதி வாங்கிக்கொள்ளுங்கள்" என்று யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில், நிறுவனத்தை அந்த நிலைக்குக் கொண்டுவந்த அதே பிரிவின் ஆட்களுக்கு 16.5 கோடி டாலர் ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. வீட்டுக் கடன் கட்ட முடியாமல் அமெரிக்கக் குடும்பங்கள் வீட்டைப் பூட்டி வெளியேறிக்கொண்டிருந்த மாதங்கள் அவை.

லட்சுமி விலாஸ் வங்கியின் பங்குதாரர்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. யெஸ் வங்கிக்கு மட்டும் ஏன் தனிக் கவனிப்பு?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்களில் பலர் கரூர்க்காரர்கள்.

1926-இல் கரூரில் வி. எஸ். என். ராமலிங்கம் செட்டியாரும் ஊர் வியாபாரிகள் ஆறு பேரும் சேர்ந்து தொடங்கிய வங்கி அது. சுற்றுவட்டாரத்தில் அதன் பங்கு வீட்டுச் சொத்து மாதிரி. தாத்தா வாங்கிப் போட்டதைப் பேரன் விற்காமல் வைத்திருப்பான். பின்னாளில் வங்கி பெரிய தொழில் நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கக் கிளம்பியது. அந்தக் கடன்கள் வாராக் கடன்களாகின. 2019-இல் ரிசர்வ் வங்கி அதைத் திருத்த நடவடிக்கைப் பட்டியலில், அதாவது நலிந்த வங்கிகளைக் கட்டுப்பாட்டில் வைக்கும் பட்டியலில், சேர்த்தது. இந்தியாபுல்ஸ் ஹவுசிங் ஃபைனான்சோடு இணைக்கக் கேட்ட அனுமதியும் மறுக்கப்பட்டது. 2020 செப்டம்பரில் நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தலைமை அதிகாரி உட்பட ஏழு இயக்குநர்களைப் பங்குதாரர்கள் வாக்களித்து வெளியேற்றினார்கள். நவம்பர் 17 அன்று தடை வந்தது. யாரும் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, சிங்கப்பூரின் டி.பி.எஸ். வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைப்பு முடிந்தது. டி.பி.எஸ். 2,500 கோடி ரூபாய் கொண்டுவந்தது. டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு பைசா இழப்பில்லை. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை.

யெஸ் வங்கிக் கதை அதே ஆண்டு மார்ச் 5-இல் இதேபோன்ற தடையோடு தொடங்குகிறது. பணம் எடுக்க உச்சவரம்பு 50,000 ரூபாய். இங்கே வேறு வங்கியோடு இணைக்காமல், ஸ்டேட் வங்கியின் தலைமையில் எட்டு நிதி நிறுவனங்கள் 10,000 கோடி ரூபாய் போட்டன. அதில் 6,050 கோடி ஸ்டேட் வங்கியுடையது. மார்ச் 18 அன்று தடை விலகியது. பழைய பங்குதாரர்களின் பங்குகளில் முக்கால் பங்கு மூன்று ஆண்டுகளுக்கு விற்க முடியாதபடி பூட்டப்பட்டது. ஆனால் அழிக்கப்படவில்லை.

அழிக்கப்பட்டது வேறொன்று. கூடுதல் முதல்நிலைப் பத்திரம் (வங்கி சரிந்தால் அழிக்கப்படலாம் என்ற நிபந்தனையோடு விற்கும் கடன் பத்திரம்) என்ற பெயரில் வங்கி திரட்டியிருந்த சுமார் 8,415 கோடி ரூபாய் ஒரே கையெழுத்தில் சுழியமானது. அதைப் பெரும்பாலும் பெரிய நிதி நிறுவனங்கள் வாங்கியிருந்தாலும், தனிமனிதர்களும் வாங்கியிருந்தார்கள். நிரந்தர வைப்பைவிடக் கூடுதல் வட்டி என்று சொல்லி, ஆபத்தை மறைத்து அவர்களிடம் அது விற்கப்பட்டது என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி பின்னர் கண்டறிந்து, வங்கிக்கு 25 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மும்பை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் அந்த அழிப்பைச் செல்லாது என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது.

கடன் கொடுத்தவர் பங்குதாரருக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பது நிறுவனச் சட்டத்தின் அரிச்சுவடி. யெஸ் வங்கியில் பத்திரக்காரர் அழிந்தார், பங்குதாரர் பிழைத்தார். வரிசை தலைகீழானது. அந்தப் பத்திரத்தின் சிறிய எழுத்து நிபந்தனையில் அதற்கு இடமிருந்தது என்பது ரிசர்வ் வங்கித் தரப்பின் வாதம். சட்டம் எப்படியிருந்தாலும் எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

கரூரில் நடந்ததோ, மனம் எவ்வளவு கசந்தாலும், விதிப்படி சரியான வரிசைதான். வங்கியின் மூலதன விகிதம் சுழியத்துக்குக் கீழே போயிருந்தது. பங்கில் மிச்சம் எதுவும் இல்லை. என் குறை அதன் முடிவின் மேல் இல்லை, அது எடுத்துக்கொண்ட காலத்தின் மேல். வங்கி நலிந்துவருவது ஓராண்டுக்கும் மேலாக எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முன்பே ஒரு வாங்குபவரை உட்கார வைத்திருந்தால் பங்குக்கும் ஏதோ ஒரு மதிப்பு மிஞ்சியிருக்கும். அடுத்த குறை, பெரிய வங்கிக்கு ஒரு விதி, சிறிய வங்கிக்கு இன்னொரு விதி என்று இருப்பது. விழுகிற வங்கி எந்த ஊரில் பிறந்தது, எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்து விதி மாறினால் விதியே இல்லை என்றுதான் ஊர் நினைக்கும்.

யெஸ் வங்கியில் பத்து ரூபாய் விலைக்கு வாங்கிய பங்குகளில் ஒரு பகுதியை ஸ்டேட் வங்கி 2025-இல் ஜப்பானின் சுமிட்டோமோ மிட்சுயி வங்கிக்கு 21.50 ரூபாய்க்கு விற்றது. 8,889 கோடி ரூபாய் வந்தது. மீட்பு வெற்றிதான். பத்திரக்காரரின் பணத்தை மெத்தையாகப் போட்டுக் குதித்த வெற்றி அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஏர் இந்தியாவில் போட்ட பணம் எவ்வளவு? வீண்தானா?

2009-10 முதல் சுமார் பன்னிரண்டு ஆண்டுகளில் ரொக்கமாக 54,584 கோடி ரூபாய், ஜாமீனாக 55,692 கோடி ரூபாய் என்று அரசு கொடுத்த ஆதரவு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. 2018-இல் 76 சதவீதப் பங்கை விற்கப் பார்த்தார்கள், கேட்க ஒருவரும் வரவில்லை. 2021 அக்டோபரில் டாட்டா குழுமம் 18,000 கோடிக்கு எடுத்தது. அதில் 15,300 கோடி அது ஏற்றுக்கொண்ட கடன். அரசுக்கு ரொக்கமாக வந்தது 2,700 கோடி. அப்போது நிறுவனத்தின் கடன் 61,562 கோடி. மீதி 46,262 கோடியை அரசு தனியாக ஒரு நிறுவனம் வைத்துத் தன் தலையில் ஏற்றிக்கொண்டது.

ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றியதுதான். பணம் போட்ட ஒவ்வொரு முறையும் ஓட்டையை அடைக்க யாருக்கும் துணிவில்லை. 2007-இல் இந்தியன் ஏர்லைன்சோடு இணைத்தபோது இரண்டு சம்பள முறைகள், இரண்டு பணி மூப்பு முறைகள், இரண்டு வகை விமானங்கள் எல்லாம் ஒரு கூரையின் கீழ் வந்து மோதிக்கொண்டன. புது விமானங்களைக் கடனில் வாங்கிக் குவித்த நேரமும் அதுவே. அரசியல்வாதிகளுக்கு அது ஒரு கொடி, ஒரு சலுகை டிக்கெட். அதை மூடுவதற்கோ சரிசெய்வதற்கோ எந்த அமைச்சருக்கும் அவசரமில்லை. தினமும் சுமார் 20 கோடி ரூபாய் கரைந்துகொண்டிருந்தது என்று பங்கு விற்பனைத் துறையின் செயலரே சொன்னார். நாங்கள் வேலை செய்கிற அரசுப் பள்ளிகளில் கழிப்பறைக் கதவு சரிசெய்ய நிதி கேட்டு ஆண்டுக்கணக்கில் மனு எழுதுகிறோம். இந்த எண்களைப் படிக்கும்போது அந்த மனுக்கள்தான் நினைவுக்கு வரும்.

அப்படியானால் ஜெட் ஏர்வேஸை விட்டுவிட்டது சரியா?

அந்த நிறுவனத்தை விட்டது சரி. அதன் ஊழியர்களை விட்டது தவறு. 2019 ஏப்ரல் 17 இரவு அதன் கடைசி விமானம் பறந்தது. ஏறக்குறைய 20,000 பேர் மாதக்கணக்கில் சம்பள பாக்கியோடு நின்றார்கள். அதன் விமானங்களையும் விமான நிலைய நேர ஒதுக்கீடுகளையும் மற்ற நிறுவனங்கள் சில மாதங்களில் எடுத்துக்கொண்டன. பயணிக்குப் பெரிய நஷ்டமில்லை. திவால் நடைமுறை ஐந்தாண்டு இழுத்து, 2024 நவம்பர் 7 அன்று நிறுவனத்தைக் கலைத்துவிடும்படி உச்ச நீதிமன்றம் சொன்னதோடு முடிந்தது. சம்பள பாக்கிக்காக ஐந்தாண்டு காத்திருக்க எந்தக் குடும்பத்தாலும் முடியாது.

ஒரு ரூபாய் கூடப் போடாமல் ஒரு நிறுவனத்தைக் காப்பாற்ற முடியுமா?

முடியும். நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் என் மாணவர்களுக்கு நான் விரிவாகச் சொல்வது சத்யம் கதையைத்தான்.

2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் பொய் எழுதியிருப்பதாகக் கடிதம் கொடுத்தார். வங்கியில் இருப்பதாகக் காட்டிய பணம் இல்லை. சுமார் 50,000 பேர் வேலை பார்த்த நிறுவனம் அது. அதன் வாடிக்கையாளர்கள் உலகின் பெரிய நிறுவனங்கள். அவர்கள் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறினால் ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

அரசு கம்பெனி சட்ட வாரியத்துக்குப் போய் பழைய இயக்குநர் குழுவை இரண்டே நாளில் கலைத்தது. கிரண் கர்ணிக், தீபக் பரேக், சி. அச்சுதன் முதலில் நியமிக்கப்பட்டார்கள். பிறகு சென்னையைச் சேர்ந்த தணிக்கையாளர் டி. என். மனோகரனும் மற்ற இருவரும் சேர்ந்தார்கள். சம்பளத்துக்குத் தேவையான பணத்தை அவர்கள் வாடிக்கையாளரிடம் வசூலித்தும் வங்கிக் கடன் பெற்றும் திரட்டினார்கள். கஜானாவிலிருந்து பணம் போகவில்லை. ஏப்ரல் 13 அன்று வெளிப்படையான ஏலத்தில் டெக் மகிந்திரா ஒரு பங்கு 58 ரூபாய் என்று கேட்டு நிறுவனத்தை எடுத்தது. மொத்தம் மூன்று மாதம்.

அரசு கொடுத்தது நம்பிக்கை மட்டும்தான். "இது மூழ்காது, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், புதிய ஆட்கள் நேர்மையானவர்கள்" என்ற சொல். அந்த மூன்று மாதங்களில் காட்டிய வேகத்தில் பாதியை ஏர் இந்தியாவில் காட்டியிருந்தால்! ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. சத்யத்தில் தொழில் நன்றாக இருந்தது, கணக்குதான் பொய். ஆட்களும் திறமையும் வேலையும் அப்படியே இருந்தன. தொழிலே செத்துப்போன இடத்தில் இந்த மருந்து வேலை செய்யாது.

அமெரிக்க அரசு மீட்பில் லாபம் பார்த்ததாகச் சொல்கிறார்களே?

சிலவற்றில் ஆம். 1979-இல் கிரைஸ்லர் கார் நிறுவனத்துக்கு 150 கோடி டாலர் வரை ஜாமீன் கொடுத்தார்கள். அது 1983-இலேயே, தவணைக்கு ஏழாண்டு முன்பாக, கடனை அடைத்தது. அரசுக்கு லாபமும் கிடைத்தது. ஏ.ஐ.ஜி.யிலும் 2012-இல் கணக்கை முடிக்கும்போது சுமார் 2,270 கோடி டாலர் மிஞ்சியது. ஜெனரல் மோட்டார்ஸில் 4,950 கோடி டாலர் போட்டு, ஆயிரம் கோடி டாலருக்கு மேல் இழந்தார்கள். பிரிட்டனில் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தில் 4,550 கோடி பவுண்டு போட்டு, 2025 மே மாதம் கடைசிப் பங்கை விற்று வெளியேறியபோது சுமார் ஆயிரம் கோடி பவுண்டு நஷ்டம்.

ஆனால் லாப நஷ்டக் கணக்கை வைத்து ஒரு மீட்பை எடைபோடுவது தவறு என்று நினைக்கிறேன். நஷ்டத்தில் முடிந்த ஜெனரல் மோட்டார்ஸ் மீட்பு, லாபத்தில் முடிந்த ஏ.ஐ.ஜி. மீட்பைவிட நேர்மையானது. 2009 ஜூன் 1 அன்று நிறுவனம் முறைப்படி திவால் நீதிமன்றத்துக்குப் போனது. பழைய பங்குதாரர்களின் பங்கு காகிதமானது. தலைமை அதிகாரி ரிக் வாகனர் அதற்கு முன்பே வெளியேற வேண்டியிருந்தது. பத்திரக்காரர்கள் வெட்டு வாங்கினார்கள். ஓய்வு பெற்ற தொழிலாளர்களின் மருத்துவ நிதிக்குப் புதிய நிறுவனத்தில் 17.5 சதவீதப் பங்கு கிடைத்தது. வலி ஏறக்குறைய எல்லாருக்கும் பங்கிடப்பட்டது. தீயணைப்பு நிலையம் ஆண்டு முடிவில் லாபம் காட்டியதா என்று நாம் கேட்பதில்லை.

காப்பாற்றாமல் விட்டால் சந்தை தானே சரிசெய்துகொள்ளாதா?

சிறிய கடை, சிறிய ஆலை, மாற்று ஆட்கள் நிறைய இருக்கிற தொழில் என்றால் ஆம். நம் ஊர்களில் ஐ.பி. கொடுப்பது, மஞ்சள் கடுதாசி நீட்டுவது எல்லாம் தலைமுறைகளாக நடந்துவருகின்றன. ஒரு ஜவுளிக் கடை போனால் பக்கத்துக் கடை விற்கும்.

வங்கிகள் அப்படியல்ல. ஒன்றின் கடன் இன்னொன்றின் சொத்து. 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கியை விழ விட்டார்கள். மறுநாளே ஏ.ஐ.ஜி.யைத் தூக்க ஓட வேண்டியிருந்தது. அந்த மாதம் 29-ஆம் தேதி 70,000 கோடி டாலர் மீட்பு மசோதாவை அமெரிக்கக் கீழவை 228-க்கு 205 என்று தோற்கடித்தது. அன்றே அமெரிக்கப் பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு 777 புள்ளிகள் சரிந்தது. நான்கே நாளில் அதே அவை மசோதாவை நிறைவேற்றியது. கொள்கை பேசியவர்களின் கை நடுங்கிய நாட்கள் அவை. நெருக்கடி நடுவில் விதி எழுதக் கூடாது, முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

வோடஃபோன் ஐடியாவில் அரசுக்கு ஏறக்குறைய பாதிப் பங்கு இருக்கிறதாமே? அது எப்படி?

பாக்கியைப் பங்காக மாற்றியதால். தொலைபேசி நிறுவனங்கள் வருவாயில் ஒரு பகுதியை அரசுக்குக் கட்ட வேண்டும். வருவாய் என்பதில் தொலைபேசி அல்லாத வரவும் சேருமா என்று பல ஆண்டு வழக்கு. 2019 அக்டோபர் 24 அன்று சேரும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வட்டி, அபராதத்தோடு பாக்கி மலையானது. ஏற்கெனவே ஜியோவோடு போட்டியில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த நிறுவனம் மேலும் சாய்ந்தது. 2021-இல் நான்கு ஆண்டு தவணை விடுப்பு கொடுத்தார்கள். 2023 பிப்ரவரியில் வட்டி பாக்கி 16,133 கோடி ரூபாய் பங்கானது. 2025 ஏப்ரலில் இன்னும் 36,950 கோடி. அரசின் பங்கு 49 சதவீதத்தை எட்டியது.

இரண்டு முறையும் விலை ஒரு பங்குக்குப் பத்து ரூபாய். சந்தையில் அப்போது அது அதைவிடக் குறைவாக விற்றுக்கொண்டிருந்தது. முகமதிப்பான பத்து ரூபாய்க்குக் கீழே பங்கு வெளியிடச் சட்டம் இடம் தரவில்லை என்பது காரணம். காரணம் எதுவானாலும் பொதுமக்களுக்கு வரவேண்டிய ஒவ்வொரு பத்து ரூபாய்க்கும் பதிலாக ஏழெட்டு ரூபாய்ப் பொருளை வாங்கிக்கொண்டோம். இவ்வளவு பங்கு வைத்துக்கொண்டும் நிர்வாகம் பழைய உரிமையாளர்கள் கையிலேயே இருக்கிறது.

ஆனாலும் இதை முற்றிலும் எதிர்க்க எனக்கு மனம் வரவில்லை. அது போய்விட்டால் தனியாரில் மிஞ்சுவது ஜியோவும் ஏர்டெல்லும் மட்டும். இருவர் மட்டும் இருக்கும் சந்தையில் ரீசார்ஜ் விலையை யார் முடிவு செய்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை. என் கவலை வேறு. இப்போது அரசே விதி எழுதுகிறது, அரசே கடன்காரனிடம் வசூலிக்கிறது, அரசே பங்குதாரர், பி.எஸ்.என்.எல். வழியாக அரசே போட்டியாளர். பி.எஸ்.என்.எல்.லுக்கும் 2022-இல் 1.64 லட்சம் கோடி, 2023-இல் 89,000 கோடி என்று மீட்புத் திட்டங்கள் வந்தன. ஒரே ஆள் நடுவராகவும் ஆட்டக்காரராகவும் நிற்கும்போது எந்த முடிவு யாருடைய நலனுக்கு என்று குடிமகன் கண்டுபிடிப்பது கடினம்.

நலிந்த ஆலைகளை அரசே எடுத்து நடத்தினால் தொழிலாளிக்கு நல்லதுதானே?

கோவைக்காரனாக இதற்குப் பதில் சொல்ல வருத்தமாக இருக்கிறது. 1974-இல் நாடு முழுவதும் 103 நலிந்த நூற்பாலைகளைச் சட்டம் போட்டு நாட்டுடைமை ஆக்கித் தேசியப் பஞ்சாலைக் கழகத்திடம் கொடுத்தார்கள். எங்கள் ஊர் பங்கஜா, கம்போடியா, முருகன் ஆலைகள் அந்தக் கழகத்தின் கீழ் வந்தவை. பல ஆயிரம் குடும்பங்கள் அதனால் பிழைத்தன. அந்தச் சம்பளத்தில் படித்தவர்கள் இன்று ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் இருக்கிறார்கள். அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் எடுத்த பிறகு இயந்திரத்தை மாற்றவும், நிர்வாகத்துக்கு உரிமை கொடுக்கவும் அரசு மறந்தது. பக்கத்திலிருந்த தனியார் ஆலைகள் புதிய ரிங் ஃபிரேம் நூற்பு இயந்திரங்களுக்கு மாறின. இங்கே பழையவை ஓடின. ஆலை ஆலையாக மூடிக்கொண்டே வந்து, 2020 மார்ச் பொதுமுடக்கத்தின்போது நாடு முழுவதும் ஓடிக்கொண்டிருந்தவை 23. அன்று நிறுத்தியவற்றில் பெரும்பாலானவை திரும்ப ஓடவில்லை. ஊருக்கு நடுவே சங்கு ஊதாத ஆலைகள், பூட்டிய கேட்டுக்கு முன்னால் போராடும் ஐம்பது வயதுத் தொழிலாளிகள்.

அப்பாவின் ஆலை தனியாருடையது. அதன் பெயரும் உரிமையாளர் பெயரும் இங்கே வேண்டாம். அது மூடியபோது அப்பாவுக்கு வரவேண்டிய பணிக்கொடை வந்துசேர ஒன்பது ஆண்டுகளானது. அதற்குள் அக்காவின் திருமணத்துக்கு வாங்கிய கடனுக்கு வட்டியாகவே அந்தத் தொகையைவிட அதிகம் கட்டியிருந்தோம். நல்ல மீட்பு என்பது கேட்டைத் திறந்து வைப்பது மட்டுமல்ல என்று அப்போதிருந்தே நினைத்துவருகிறேன். மூடத்தான் வேண்டும் என்றால், மூடுகிற அன்றே தொழிலாளியின் கையில் பணம் இருக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு, சாகும் நிறுவனத்துக்குப் பத்தாண்டு பிராணவாயு கொடுக்கும் செலவில் சிறு பகுதிதான்.

சிறு தொழில்களை யாராவது காப்பாற்றுகிறார்களா?

2020 மே மாதம் கொரோனா நேரத்தில் ஒன்றிய அரசு 3 லட்சம் கோடி ரூபாய்க்கு அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் கொண்டுவந்தது. பிப்ரவரி 29 அன்று இருந்த கடன் பாக்கியில் 20 சதவீதம் கூடுதலாக, பிணை இல்லாமல் வாங்கலாம். ஜாமீன் முழுவதும் அரசுடையது. திருப்பூரில் பல பனியன் நிறுவனங்கள் இதனால் மூச்சுவிட்டன.

அதில் ஓர் இடைவெளி இருந்தது. ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்தவருக்குத்தான் அது. நான்கு தையல் இயந்திரத்தோடு ஜாப் ஒர்க் செய்பவர், வங்கிப் பக்கமே போகாமல் மீட்டர் வட்டிக்கு வாங்கித் தொழில் நடத்துபவர், இவர்கள் பட்டியலில் இல்லை. உண்மையில் மிக அதிகமாக நசுங்கியவர்கள் அவர்கள்தான்.

சரி, எந்த நிபந்தனையோடு கொடுத்தால் ஏற்றுக்கொள்வீர்கள்?

கொரோனா காலத்தில் ஜெர்மனி லுஃப்தான்சா விமான நிறுவனத்துக்குச் செய்ததைப் பாருங்கள். 900 கோடி யூரோ ஏற்பாடு. அரசு 20 சதவீதப் பங்கை ஒன்று 2.56 யூரோ என்ற அடிமாட்டு விலைக்கு எடுத்தது. நிறுவனம் லாபப் பங்கு கொடுக்கக் கூடாது, மேலாளர்களுக்கு ஊக்கத்தொகை கூடாது. 2022 செப்டம்பரில் கடைசிப் பங்கையும் விற்று அரசு லாபத்தோடு வெளியே வந்தது. டென்மார்க் இன்னும் ஒரு படி போய், வரி ஏய்ப்பு நாடுகளில் பதிவு செய்த நிறுவனங்களுக்கு உதவி இல்லை என்றது. வரி கட்டாதவருக்கு வரிப்பணம் எதற்கு?

எனக்கு இவற்றோடு இன்னொன்றும் வேண்டும். உள்ளே போகும் நாளிலேயே வெளியே வரும் நாளும் எழுதப்பட்டிருக்க வேண்டும். நீட்டிக்க வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் வந்து காரணம் சொல்லட்டும். ஏர் இந்தியாவுக்கு அப்படி ஒரு தேதி இருந்திருந்தால் 2012-லேயே இந்த விவாதம் முடிந்திருக்கும்.

நிறுவனம் கலைக்கப்பட்டால் தொழிலாளிக்கு எந்த இடம்?

2016-இன் திவால் சட்டப்படி, நடைமுறைச் செலவு போக, கடைசி 24 மாதத் தொழிலாளர் பாக்கியும் அடமானம் வைத்துக் கடன் கொடுத்த வங்கிகளின் பாக்கியும் ஒரே படியில் நிற்கின்றன. மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம் அதற்கு அடுத்த படி. அரசு வரி அதற்கும் கீழே. பங்குதாரர் கடைசி. வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் கலைப்புச் சொத்தில் சேராது, அவை தொழிலாளிக்கே. எழுத்தில் இது பழைய நிலையைவிட எவ்வளவோ மேல். 1985-இன் நலிவுத் தொழில் சட்டத்தில் வழக்கு நடக்கும்வரை கடன் கொடுத்தவர் யாரும் நெருங்க முடியாது. உரிமையாளர் ஆண்டுக்கணக்கில் நிம்மதியாக இருப்பார், ஆலை துருப்பிடிக்கும்.

என் சேமிப்பு ஒரு வங்கியில்தான் இருக்கிறது. நான் எதைக் கவனிக்க வேண்டும்?

அசலும் வட்டியும் சேர்த்து ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி வரை அது ஒரு லட்சமாகத்தான் இருந்தது. வங்கிமீது தடை விதிக்கப்பட்டால் 90 நாளுக்குள் அந்தத் தொகை கிடைக்க வேண்டும் என்று 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. கூட்டுறவு வங்கிகளும் இதில் அடக்கம். ஆனால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள், நிதி நிறுவனங்கள், சீட்டுக் கம்பெனிகள் அடக்கம் இல்லை. வங்கிக் கவுன்ட்டரில் யாராவது "டெபாசிட் மாதிரிதான், வட்டி கொஞ்சம் கூடுதல்" என்று ஒரு பத்திரத்தை நீட்டினால், இது காப்பீட்டுக்குள் வருமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.